எல்லாம் தெரிந்த ஊர்

மேட்டுக்காடு, காரவள்ளி வழி,
ஆவணி மாதம், 2004.

அன்பு மகன் சசிகுமாருக்கு அப்பா வெங்கிடுசாமி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த வடக்கத்தி வெயில் உன்னை ரொம்ப வாட்டாமல் முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தைத் திருச்செங்கோட்டில் உங்கள் முதலாளி ஆபீசில் கொடுக்கப் போகிறேன். உங்கள் ரிக் வண்டி எந்த ஊரில் போர்வெல் போடுகிறது என்று போன தடவை கேட்டதற்கு, "அந்தப் பக்கந்தானுங்க, சத்தீஸ்கர் பக்கம்" என்றார்கள். அந்தப் பக்கம் எவ்வளவு பெரிசு என்று அவர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

மரவள்ளிக் கிழங்கு இந்த வருடம் பரவாயில்லை. மழை மலைமேல் பெய்கிறது, நமக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

இப்போது எழுதுவது உன் அம்மாவைப் பற்றி. நீ போன பிறகு அவள் பேச்சே சுருங்கிவிட்டது. "சோறு ஆச்சு", "மாடு கத்துது", அவ்வளவுதான். நீ கவலைப்படுவாய் என்று இதை முன்பே நான் எழுதவில்லை. அப்புறம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வளர்கல்வி மையம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ராசிபுரத்திலிருந்து ஜெனிபர் என்று ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்து போகும். எழுதப் படிக்க மட்டுமில்லை, "மனசுல என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க" என்று சொல்லும்.

எட்டாவது படித்தவன் என்ற மிதப்பில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பூமி சுற்றுவதை டீச்சருக்கு முந்தி நானே விளக்கினேன். உடனே பின்னால் இருந்த சென்னம்மாள், "அப்படிச் சுத்துனா கெணத்துத் தண்ணி ஏனுங்க கொட்டல?" என்றாள். அன்றைக்கே கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

உன் அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம். ஆனால் கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒருநாள், "மலைமேல போனா சூரியன் கிட்டத்துலதானுங்களே வருது, அப்பறம் அங்க ஏன் குளுருது?" என்று கேட்டாள். டீச்சர் யோசித்துவிட்டு, "எனக்கே சரியாச் சொல்லத் தெரியலீங்கம்மா, படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றது. அன்றைக்கு ஊட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அம்மாவுக்குச் சிரிப்பு. "டீச்சருக்கே தெரியாததக் கேட்டுப்புட்டேனுங்க" என்று மாட்டிடம்கூடச் சொன்னாள்.

அந்த வாரமே பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. வார்டு மெம்பர் தனசேகரன் ஊரைக் கூட்டினான். நம் பக்கம் பெண் பார்க்க வந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பக்கத்து ஊட்டு நாற்காலியும் சொம்பும் வரும், அடுத்த தோட்டத்து மாடு நம் கட்டுத்தறியில் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துச் சத்யாவைப் பெண் பார்க்க வந்தபோது நம் செவலையே அவர்கள் மாடாக நின்றதே. அதே மாதிரி தனசேகரன், "டீச்சர் பேரு கெடக்கூடாதுங்க, நல்லாப் படிக்கற ஆளா நாலு பேரக் கொண்டாந்து உக்கார வெப்போம்" என்றான். எல்லோரும் தலையாட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினேன்.

ரிட்டையர்டு தபால்காரர் செல்லமுத்து வந்தார். காலேஜில் படிக்கும் அசோக் லுங்கி கட்டிக்கொண்டு வந்தான். உன் அம்மா மாதிரித் தடவித் தடவிப் படிக்கிறவர்களைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த டீச்சர், முன்பின் பார்க்காத மாணவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. அதிகாரி எதிரில் என்ன பேசும்?

செல்லமுத்து பேப்பரைத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தார். அசோக் போர்டில் வட்டிக் கணக்குப் போட்டான். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். வேறு யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தூணுக்குப் பின்னாலிருந்து உன் அம்மா கை தூக்கினாள். தனசேகரன் முறைத்தான். பக்கத்தில் இருந்த நான் அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டேன்.

அதிகாரி எழுந்து, இந்த ஊரில் எல்லோரும் நன்றாகத் தேறிவிட்டீர்கள், இனி மையத்துக்கு இங்கே வேலை இல்லை, மலைமேல் குண்டனி நாட்டில் தேவைப்படுகிறது, அங்கே மாற்றுகிறேன் என்றார். நாங்கள் கைதட்டினோம், கண்ணு. தட்டி முடித்த பிறகுதான் விளங்கியது.

மறுவாரம் தனசேகரனும் நானும் அவர் ஆபீசுக்கே போய், எங்களுக்கு ஒன்றும் தெரியாதுங்க, நடித்துவிட்டோம் என்றோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால், ஆள் வைத்துக் கணக்குக் காட்டியதாக அந்த டீச்சர்மேல்தான் நடவடிக்கை வரும், வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு, இருவரும் ஒரு டீயைக் குடித்துப் பஸ் ஏறினோம்.

டீச்சர் சாவி ஒப்படைக்க வந்த அன்றைக்கு ஊரே போனது. "மேல இருக்கறவங்களும் படிக்கட்டுமுங்க" என்று அது சிரித்தது. அதுவும் நியாயம்தானே, யாரிடம் போய்ச் சண்டை போட? உன் அம்மா மட்டும் ஊட்டை விட்டு வெளியே வரவில்லை. "அந்தப் புள்ள மொகத்த எப்படிங்க பாக்கறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். குண்டனி நாட்டுக்கே போய்ப் படிக்கலாம் என்றால், அந்த மலை ரோட்டு வளைவுகளில் அவளுக்கு வாந்தி நிற்காது. வகுப்பு முடிந்தால் இறங்கி வர பஸ்ஸும் கிடையாது.

முதலில் அந்தக் குளிர்க் கேள்வியை என்னிடம் கேட்டுப் பார்த்தாள். மலை சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்குமோ என்னவோ என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கண்டக்டரைக் கேட்டேன், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்க வரும் மலைக்காரரையும் கேட்டேன். "குளுருதுங்க, அதான் குளுருது" என்றார் அவர். இப்போது அவள் எதையும் கேட்பதில்லை. பூட்டிய கட்டடத்தைத் தாண்டிப் பால் ஊற்றப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சாமி. வைத்தியரிடம் கூட்டிப்போக இது காய்ச்சலா?

அதனால் ஒன்று கேட்கிறேன். லீவு உன் முதலாளி கையில் இருக்கிறது, அதற்கு உன்னை நான் நெருக்க மாட்டேன். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, உன் அம்மா பெயருக்கு எழுது. எழுத்து பெரிசாக இருக்கட்டும். அந்த ஊர் மண் என்ன நிறம், பாறை உடைந்து தண்ணீர் வரும்போது என்ன வாசம் அடிக்கிறது, அந்த ஜனங்கள் எதைக் குழம்பு வைக்கிறார்கள், எல்லாம் எழுது. அவள் எழுத்துக்கூட்டி முடிக்கிறவரை நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போட்ட போரிலெல்லாம் உனக்குத் தண்ணீர் பீறிட்டு வரட்டும். கை கால் பத்திரம். உன் கடிதத்தைப் படிக்கும்போது அவளுக்கு ஏதாவது விளங்காமல் என்னைக் கேட்டாளானால், "எனக்கென்ன தெரியும் புள்ள, அவன் வந்தா அவனையே கேளு" என்று சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கிடுசாமி