இடமாகச் சுற்றிய முள்

இன்று காலை ஒரு காரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். ஓட்டை வழியே புஸ்ஸென்று காற்று வந்து முகத்தில் அடித்தது. பெட்ரோலும் கரியும் கலந்த வாடை. உனக்கு ஆகவே ஆகாத வாடை. வேலை முடிந்து வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "மொதல்ல கெணத்தடிக்குப் போங்க, அப்புறம் ஊட்டுக்குள்ள வரலாம்" என்பாய். அந்த வாடையோடு அந்த விஜயதசமிக் காலையும் வந்து என் முன்னால் நின்றுவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக் காலம் அது. பஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு, அம்மாபேட்டையில் உங்கள் வீட்டுத் தறிக் கொட்டகையை ஒட்டி ஓலைச் சார்ப்பு இறக்கிப் பட்டறை என்று பெயர் வைத்திருந்தேன். முதல் பெரிய வேலையாகத் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவரின் கார் வந்தது. அதன் எஞ்சின் விரிசல் விட்டுப் போயிருந்தது. புது எஞ்சினுக்கு வழியில்லாத நாட்கள். சங்ககிரி அருகே கவிழ்ந்து கிடந்த ஒரு வண்டியின் எஞ்சினை அவரே பிடித்து அனுப்பினார். பழையது நாலு சிலிண்டர், வந்தது ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டரை நான் அதுவரை தொட்டதே இல்லை. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

"விஜயதசமியன்னிக்கு வண்டி என்ற ஊட்டு வாசல்ல நிக்கோணுமுங்க மேஸ்திரி. இல்லீன்னா மாட்டக் கட்டி இழுத்துட்டுப் போயிருவேன்" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல. கார் ஒன்று மாட்டுக்குப் பின்னால் போவதை அம்மாபேட்டை பார்த்தால், அதற்குப் பிறகு எவன் என்னிடம் வண்டி விடுவான்? பட்டறையைச் சாத்திவிட்டுப் பஸ் கம்பெனி வாசலில் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான். உனக்கும் அது தெரியும்.

எஞ்சினை இறக்கிப் பூட்டும் வரை எந்தக் குறையும் இல்லை. ஆயுத பூசை வந்தது. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. சாமிக்கு முன்னால் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பிளக் ஒயர்களையும் கழற்றித் துடைத்தேன். எந்த ஒயர் எந்த இடம் என்று நானே கட்டி வைத்திருந்த அழுக்குத் துணிக் கிழிசல்களையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் சந்தனம், குங்குமம். கழுதைக்கு முத்துமாலை போட்டது போல அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியலில் பூசையிலிருந்து ஆயுதங்களை எடுத்து வேலையைத் தொடங்கினேன். எந்தச் சிலிண்டருக்குப் பிறகு எது வெடிக்கும் என்ற வரிசையைப் பஸ் கம்பெனி ஆள் ஒருவனிடம் கேட்டுச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தேன்: ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் டப்பாவில் அதே வரிசைப்படி ஒயர்களைச் சொருகினேன். ஹேண்டிலைப் போட்டேன். இரண்டு முறை இருமியது. அப்புறம் டமார் என்று ஒரு வெடி, கார்புரேட்டர் வாயில் நெருப்பு. கழற்றினேன், மாட்டினேன், மறுபடியும் டமார். தெருவில் யாரோ "தீபாவளி இன்னும் வரலீங்களே மேஸ்திரி!" என்று கத்தினார்கள்.

நீ பக்கத்தில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாய். தறியில் தீர்ந்துபோன பாவின் முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரம் இழையில் ஒன்று இடம் மாறினாலும் துணியில் காட்டிக் கொடுத்துவிடும். இழை வழுக்காமல் முறுக்கத் தொட்ட சாம்பல் விரல் நுனியில் இருக்க, எழுந்து வந்து நின்றாய்.

"ஏனுங்க, இந்த ஆறும் ஒரே நேரத்துலயா மூச்சு விடும்?"

"ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதெல்லாம் உனக்குப் புரியாது, போ புள்ளே."

"சொவத்துல எழுதுனது சரிதானுங்களா? பாத்தீங்களா, கேட்டீங்களா?"

கேட்டதுதான். பார்க்கவில்லை. நீ உள்ளே போய்க் கழிவு நூலை அள்ளி வந்து ஆறு உருண்டை செய்தாய். எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நான் கத்தியதும், உருண்டையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு முழ நூலை வாலாக விட்டாய். ஆறு பிளக்கையும் என்னைக் கழற்றச் சொன்னாய். ஆறு ஓட்டையிலும் உருண்டையை அழுத்தி வைத்து, "இப்பச் சுத்துங்க, மெதுவா" என்றாய்.

சுற்றினேன். முதல் உருண்டை டப்பென்று குதித்து விழுந்தது. பிறகு ஐந்தாவது. பிறகு மூன்றாவது. ஆறு, இரண்டு, நான்கு. சுவரில் இருந்த வரிசை என் கண் முன்னால் ஒவ்வொன்றாக எழுந்து குதித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இருபது வருடம் எஞ்சினோடு கிடந்தவன் நான். இரும்புக்குள்ளே மறைந்து நடப்பதைக் கழிவு நூலை வைத்து வெளியே கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எஞ்சினைத் தொட்டறியாத உனக்கு எப்படித் தோன்றியது?

"வரிசை சரியாத்தானே இருக்குது" என்று தலையில் கை வைத்தேன்.

நீ டப்பாவின் மூடியைக் கழற்றச் சொன்னாய். உள்ளே முள் ஒன்று சுற்றும். அது எந்த ஒயருக்கு நேரே வருகிறதோ, அதற்கு நெருப்பு போகும். "இன்னொருக்காச் சுத்துங்க" என்றாய். குனிந்து பார்த்தாய்.

"ஏனுங்க, நீங்க வலமாக் கட்டியிருக்கீங்க. முள்ளு இடமால்ல போகுது?"

ஓடி வந்து பார்த்தேன். இடமாகத்தான் போனது. நான் பார்த்த டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாமே வலமாகச் சுற்றியவை. கோயிலானாலும் ஆரத்தியானாலும் வலம்தானே வருவோம், வேறு பக்கம் ஒன்று உண்டு என்ற நினைப்பே எனக்கு இல்லை. நீ சிரித்தாய். "ராகு கேதுவ இடமாத்தானுங்க சுத்துவோம். இதுவும் அந்தச் சாதி போலிருக்குது. மொத இழைய விட்றாதீங்க, மத்ததத் திருப்புங்க" என்றாய். ஒன்றாவது ஒயர் அப்படியே இருந்தது. நேர் எதிரே இருந்த ஆறாவதும் அப்படியே. மற்ற நாலு ஒயர்கள்தான் இடம் மாறின. அந்த இரண்டும் சரியாக இருந்ததால்தான் இரண்டு முறை இருமியிருக்கிறது!

பிளக்கை மாட்டி ஹேண்டிலை ஒரே இழு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஓடும் சத்தத்தை அன்றுதான் என் பட்டறையில் கேட்டேன். நீ பானெட்டின் மேல் கையை வைத்து, அது அதிர்வதைக் குழந்தை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தாய். உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பண்ணையக்காரர் ஒரு ஜோடி மாட்டோடு வந்து சேர்ந்தார். வண்டி ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார். "இங்க ஒரே வெடிச் சத்தம்னு வழி நெடுகச் சொன்னாங்களே மேஸ்திரி, எப்பிடிங்க புடிச்சீங்க?"

"நாந்தானுங்க... முள்ளு இடமாச் சுத்துதுன்னு கண்டுபுடிச்சேன்."

நீ மசிபட்ட விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பாவுக்குத் திரும்பினாய். அன்று முதல் நான் ஆறு சிலிண்டர் மேஸ்திரி. ராசிபுரம், நாமகிரிப்பேட்டையிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. நான் பெருமை அடிக்கும்போது மட்டும், "ஆமாங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்பாய். அவ்வளவுதான்.

உன் கருமாதிக்கு அந்தப் பண்ணையக்காரர் வந்திருந்தார். அதே காரில். "உங்க கைராசி மேஸ்திரி, இன்னிக்கும் ஒரு கொறை இல்லீங்க" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அது என் கை இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டேன்: "அன்னிக்கே அவ கண்டுபுடிச்சான்னு சொல்லியிருந்தா, வண்டிய ஓட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

"மாட்டேனுங்க" என்றார். "பொம்பள கை வெச்ச வண்டின்னு மாட்டத்தான் கட்டியிருப்பேன்."

கேட்டதும் ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று நான் பொய் சொன்னதால் பட்டறை பிழைத்தது, சரிதான். ஆனால் அவர் கார் தெருமுனை திரும்பியதும் அந்த நிம்மதி போய்விட்டது. அவரிடம் சொல்லப் பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பின் வந்த வருடங்களில் நம் வீட்டுக்குள் நீயும் நானும் மட்டும் சாப்பிட உட்கார்ந்த நாட்கள் எத்தனை! அதில் ஒரு நாள், "அது நீதான் புள்ளே" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தப் பண்ணையக்காரர் குறுக்கே நின்றார்?