டைப் அடிக்கும் பெண்

1973, ஞாயிறு இரவு.

ராயப்பேட்டையில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு இன்று என் கணவருடன் போனேன். எங்கள் விளம்பர ஆபீஸில் படம் போடும் ராகவன் என்னை வரைந்த ஓவியமும் அங்கே இருந்தது. இவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தானே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசை.

டைப்ரைட்டர் முன்னால் நான். விரல்களை அவசரத் தீற்றல்களாக விட்டுவிட்டு, முகத்தை மட்டும் சாம்பலும் நீலமுமாகப் பொறுமையாக இழைத்திருந்தார் ராகவன். யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கும் முகம். எனக்கே கூச்சமாக இருந்தது.

இவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"பாவம், யாரோ டைப்பிஸ்ட். வீட்ல பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல போலிருக்கு," என்றார்.

"ஆமா," என்றேன்.

பஸ்ஸில் மயிலாப்பூர் வரும்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவள்மேல் அவ்வளவு இரக்கம்.