கமலைக்காரன் இழுத்த கடைசி அடி

மாப்பிள்ளை,

நேற்று சாயங்காலம் டிவியில் பாட்டுப் போட்டி ஓடியது. ஒரு பையன் கடைசி அடியை விடாமல் இழுத்தான். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன தாத்தா, ஒங்களுக்கு மட்டும் சிரிப்பு வருது?" என்றாள் பேத்தி. உன் கதையைச் சொன்னேன். எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பேச்சு என்னுடையது, எழுத்து அவளுடையது.

நீ கமலை ஓட்டினவன். காளைகள் சரிவில் இறங்க இறங்க, கிணற்றிலிருந்து சால் தண்ணீரோடு மேலே வரும். அதுவரைக்கும் பாடுவாய். சால் கொட்டி முடிகிற வரைக்கும் கடைசி அடியை இழுப்பாய். காளைகள் அசையாமல் நிற்கும். நீ நிறுத்தினதும் தானாகப் பின்வாங்கி மேடேறும். அதட்ட வேண்டாம், கம்பெடுக்க வேண்டாம். உன் பாட்டுக்கே பழகிக் கிடந்தன ரெண்டும்.

சுதந்திரம் வந்து சில வருசத்தில் கறம்பக்குடிச் சந்தைத் திடலில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். செயிக்கிற ஆளைத் தன் கம்பெனியில் சேர்த்துக்கொள்வதாக ஒரு நாடக முதலாளி சொல்லியிருந்தார். உங்கள் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "எடுபட்டா நாடகத்துக்குப் போ. இல்லையா, மாமன் கூப்புடுற பினாங்குக்குக் கப்பலேறு. ரெண்டுங்கெட்டானா இங்கிட்டுச் சுத்தாதே."

அதே காளைகளை வண்டியில் பூட்டிக் கிளம்பினோம். வழியில் கடையாணி கழன்று, வண்டி போய்ச் சேர நேரமாகிவிட்டது. திடலுக்குள் நுழையும்போதே மைக்கில் உன் பேர். "நீயும் வாடா மாப்ளே, தனியாப் போக நெஞ்சடைக்குது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாய். காளைகள் நுகத்தோடு நின்றன. வண்டிக்குப் பின்னால் மண்பானைக் கடை.

மேடையேறினதும் பாடம் பண்ணின நாடகப் பாட்டு மறந்துபோனது. மைக்கைப் பார்த்து முழித்தாய்.

"தம்பிக்குத் தொண்டையில மீன்முள்ளு மாட்டிக்கிச்சுடோய்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

திடலே சிரித்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்த கமலைப் பாட்டை எடுத்தாய். சிரிப்பு அடங்கியது. ஒரு சுற்றுப் பாடி மூச்சு வாங்கினாய் பார், அங்கே நம் காளைகள் வண்டியோடு பின்வாங்க ஆரம்பித்துவிட்டன!

"ஏய், யாரு வண்டிடா இது? எம் பானையெல்லாம் போச்சே!"

கண்ணைத் திறந்தாய். சட்டென்று கடைசி அடியை மறுபடி பிடித்து இழுத்தாய். காளைகள் நின்றன. இனி நீ மூச்சு விட்டால் பானை மிஞ்சாது. நான் ஆட்களின் தலையைத் தாண்டாத குறையாக ஓடினேன். உன் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் மிளகாய்ப் பழமானது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன். அப்புறந்தான் விட்டாய். விசிலும் கைதட்டும் ஓய வெகுநேரம் ஆனது.

"இந்த மூச்சை எந்த வாத்தியார்கிட்டத் தம்பி படிச்சீங்க?" என்றார் முதலாளி.

"மாட்டுக்கிட்டங்க."

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அவர் குலுங்கிச் சிரித்து, தன் தோள் சால்வையை எடுத்து உனக்குப் போர்த்தினார். உங்கள் அப்பா, "மாமனுக்குக் கடுதாசி போடச் சொல்லணும், ஆளு வரலேன்னு" என்றதோடு சரி. ஆனால் அன்றைக்குத் தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்தி வெற்றிலை கொடுத்தார்.

பிறகு உன் பேரைப் பெரிதாகப் போட்ட நோட்டீஸ் ஒட்டாத சந்தை இல்லை. கொடும்பாளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் உன் கமலைப் பாட்டைப் பற்றி எனக்கே விளக்கம் சொல்கிறார்!

நீ கப்பலேறாமல் இருந்ததில் ஊருக்குக் கிடைத்தது உன் பாட்டு. எனக்குக் கிடைத்தது வேறு. நாடகம் முடிந்த மறுநாள் தொண்டை கட்டிப்போய் என் வீட்டுக்கு வருவாய். பேச்சு வராது, எல்லாம் சைகைதான். என் வீட்டுக்காரி மோர் ஊற்றும்போது அவள் கஞ்சத்தனத்தை ரெண்டு விரலால் அளந்து காட்டுவாய். அவள் கரண்டியை ஓங்குவாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் பாட்டை யார் யாரோ பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். அந்த ஊமைச் சேட்டை என்னிடம் மட்டுந்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. மோர் ஊற்றுகிறபோதெல்லாம் என் விரல் ரெண்டும் தானாக எழும்புகின்றன.