சமைத்தாயிற்று என்ற பொத்தான்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன், நீ நம்ப மாட்டாய் என்பதால் இன்னொரு தரமும் எழுதுகிறேன், நலமாகவே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நான் நம்பிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, அதனால் முழுசாகப் படி.

முதலில் கதவு விஷயம். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ கீழ்வீட்டுப் பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, கதவ உடைச்சாவது பாருங்கன்னு அழுதாயாம். மனிதர் கடப்பாறையோடு ஓடி வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார். நான் அடுப்படியில் பனியனோடு நின்று வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன், புகையை வெளியே தள்ளும் விசிறியின் சத்தத்தில் அவர் தட்டியதும் கேட்கவில்லை, படுக்கையறையில் சார்ஜில் கிடந்த போனும் கேட்கவில்லை. உங்களுக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லிவிட்டு உடைத்த கையோடு உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டும் போனார், நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கம்மின்னு குறை வேறு. உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர் என்று எத்தனை பேருக்கு விளக்குவது.

இத்தனை அமளிக்கும் காரணம் நீ பணம் கட்டி என்னைச் சேர்த்துவிட்ட அந்தச் சமையல் திட்டச் சேவை. உன் அம்மா போன பிறகு நான் ரொட்டியும் டீயுமாகக் காலம் தள்ளியதும் உண்மை, கார் பழக வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மயங்கியதும் உண்மை, நீ பயந்தது நியாயம். தினமும் காலையில் இன்றைக்கு இதைச் சமை என்று போனில் வரும், சமைத்ததும் 'சமைத்தாயிற்று' என்ற பொத்தானை அழுத்தினால் அங்கே உன் போனில் பச்சை, அழுத்தாவிட்டால் சிவப்பு. அந்த வாரம் அது காளான் காளான் என்று ஒரே பிடியாக நின்றது. என்னிடம் இருந்ததோ இன்றோ நாளையோ முற்றப்போகிற வெண்டைக்காய், அதைக் குப்பையில் கொட்டிவிட்டுக் காளானைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டுமா? வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாத பிள்ளையை நான் லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்பியதில்லை, வெண்டைக்காயை வதக்கிவிட்டுக் காளான் சமைத்தேன் என்று அழுத்துவேனா? அழுத்தவில்லை. உனக்கு வரிசையாகச் சிவப்பு விழுந்தது. வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டவன் உன் போனில் பட்டினி கிடந்து செத்தே போயிருக்கிறேன்.

அதற்கப்புறம் நீ கத்தினாயே, உங்களத் தனியா விட்டதே தப்பு, அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன், வீட்டக் காலி பண்ணுங்கன்னு. கண்ணு, நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். காலையில் தெருமுனையில் கார் பழக எனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள், என் கால் இன்னும் அவர்களுக்கு முந்தி பிரேக்கை மிதிக்கிறது. அங்கே வந்து நீங்கள் இருவரும் வேலையிலிருந்து திரும்பும்வரை சோபாவுக்குக் காவல் இருக்க என்னால் ஆகாது. டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்.

சமையல் சேவையையும் நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். பழக வருகிறவர்கள் தாமதமாகும்போதெல்லாம் காரில் உட்கார்ந்து, சில நாள் இலவசமாகப் பார்க்க விடுகிற சேவைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று வணக்கம் சொல்வதற்கு முன்பே என் எடையைக் கேட்டது, மூடிவிட்டேன். இன்னொன்றில் படமெல்லாம் கல்யாண விருந்து, செய்யப் போனால் கேள்வியே படாத பொடியில் ஒரு சிட்டிகை, அந்தச் சிட்டிகைக்காக ஒரு டப்பா வாங்கி மிச்சத்தை நான் யார் தலையில் கட்டுவது? கடைசியில் ஒன்று, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டது. மரியாதை தெரிந்தது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அரை முட்டைக்கோஸ், வாடின கேரட், ரெண்டு முட்டை என்று போட்டேன், அதற்குள்ளேயே ஒரு ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டது. உப்புக் குறைவு என்று குறித்தால் கேட்டுக்கொள்கிறது, செவ்வாய்க்கிழமைச் சமையலை வியாழனுக்குத் தள்ளினால் முகம் சுளிப்பதில்லை. இந்தத் தடவை டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, வீட்ல யார் சமைக்கிறாங்கன்னு கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் திமிராகவே.

ஆனால் அதை நான் எடுத்ததற்கு முக்கியக் காரணம் வேறே. அது யாருக்கும் தகவல் அனுப்பாது. முன்பெல்லாம் சாயங்காலமானால் நீ கூப்பிட்டு, சாப்டீங்களாப்பான்னு கேட்பாய், தினமும் இதே கேள்வியா என்று நான் சலித்துக்கொள்வேன், ஆனாலும் உன் குரல் கேட்ட பிறகுதான் தட்டை எடுப்பேன். அந்தச் சேவையில் சேர்த்துவிட்ட நாளிலிருந்து நீ கேட்பதே நின்றுபோயிற்று. பச்சை விழுந்தால் உனக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை கண்ணு. பழையதை நேற்றே நிறுத்திவிட்டேன், இனி உன் போனில் பச்சையும் வராது சிவப்பும் வராது. நான் சாப்பிட்டேனா என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் நீ கேட்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் எத்தனை சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன் சமாதானமாகி, நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். அங்கே மழை தொடங்கப் போகிறது, வண்டி டயர் தேய்ந்திருக்கிறதா பார், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று சொன்னாலும் நீ ஒருமுறை குனிந்து பார்.

இப்படிக்கு,
உனக்கு இந்தப் பிடிவாதத்தைக் கொடுத்த அப்பா

பின்குறிப்பு: இன்று சமையல் ஆயிற்று. என்ன என்று எழுத மாட்டேன்.