கழுவிய பாட்டில்

செவ்வாய்க்கிழமை, செம்மேடு

இன்று ஜெயித்துவிட்டேன். பாப்பாத்தி அக்காவின் பாலில் ஊசி மருந்து கலந்திருப்பதாகப் போன வாரம் எங்கள் பரிசோதனைக் கூடம்தான் எழுதிக் கொடுத்தது. பால் சொசைட்டியில் அவர் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். "என் மாட்டுக்கு ஊசியே போடலீங்கம்மா" என்று இன்று மறுபடி எங்களிடம் பால் கொண்டுவந்தார். அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்தின் காலிப் பாட்டில். போன வாரமும் அதில்தான் கொண்டுவந்தாராம். "சுடுதண்ணி ஊத்திக் கழுவுனதுங்க" என்றார்.

கூடத்துப் பாட்டிலோடு நானே அவர் வீட்டுக்குப் போய், கறந்த பாலை வாங்கிவந்தேன். சோதித்தால் பால் சுத்தம். நாளை முதல் சொசைட்டியில் ஊற்றுவார். இதற்கு முன் யார் யார் பாலை இப்படித் தள்ளினோமோ, அதை நினைத்தால்தான்...

கூடத்துப் பாட்டிலைத் தவிர வேறெதிலும் பால் வாங்கக் கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியும், "மலையில இதெல்லாம் நடக்காதுங்க மேடம்" என்று சிரித்தவர் எங்கள் கால்நடை டாக்டர். மாலையில் மடி வீங்கிய தன் மாட்டின் பாலை அவரே தண்ணீர் பாட்டிலில் சோதனைக்குக் கொண்டுவந்தார். வாங்க மாட்டேன் என்றேன்.

"நானே கழுவுனதுங்க மேடம்."

எங்கள் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மறுபடி கறக்கப் போனார்.