கூடிக்கொண்டே போன காகித வளையங்கள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் மூக்கைத் தவிர. குளிர் தொடங்கிய நாளிலிருந்து அது தனியாகக் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கிறது, மருந்தை நீட்டினால் எனக்கு ஒன்றுமில்லை என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் தினசரி வேண்டுதல். உன் கடிதம் வந்தது. ஜனவரியில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் குட்டிப்பயலிடம் எதையும் சொல்லாமல், அவன் தூங்கும்போதே கிளம்பிவிடப் போகிறேன், நாலு வயதில் என்னையும் நீ அப்படித்தானே விட்டுப் போனாய், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இது திருவருகைக்காலம் அல்லவா, கிறிஸ்துமஸுக்குக் காத்திருப்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டும். மூன்று நாலு வயதுக்கு நாளை என்றால் என்னவென்றே தெரியாது, பத்து மணிக்குச் சொன்னால் பதினொரு மணிக்கு நாளைக்கு வந்துடுச்சா என்று கேட்கும். அதனால் வண்ணக் காகிதத்தில் இருபத்து நாலு வளையம் செய்து, ஒன்றோடொன்று கோத்து, ஜன்னலில் தொங்கவிட்டேன். வால் பக்கம் பிள்ளைகளுக்கு எட்டும் உயரம். தினம் காலையில் ஒருவர் ஒரு வளையத்தை வெட்ட வேண்டும், எல்லாம் தீர்ந்தால் பண்டிகை. பேட்டரி மெழுகுவர்த்தி நாலு வைத்து வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிறோம், அதை ஊதி அணைக்கப் பார்த்து ஏமாறாத பிள்ளை இல்லை. மைதானத்துக்குக் கூட்டிப் போவதுதான் பெரும்பாடு, பதினாறு பேருக்குக் கோட்டும் கையுறையும் மாட்டி முடிப்பதற்குள் முதலில் மாட்டியவனுக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது.

பத்தாம் தேதி வெட்டிய பிறகு பதினாலு வளையம் இருக்க வேண்டும். பதினேழு இருந்தது. டீச்சருக்கே எண்ண வரலையா என்று ஆயாம்மா சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் பார்த்தால் பத்தொன்பது. விளையாட்டு நேரத்தில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். பொத்தான் மட்டும் நழுவி உள்ளே வந்து நின்றிருந்தாள். கோட்டுப் பொத்தானை ஒரு நாளும் சரியான துளையில் மாட்டாததால் அவளுக்கு அந்தப் பெயர். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கையெல்லாம் பசையாக, வாலில் ஒரு வளையத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். திட்டாமல்தான் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது தீர்ந்துபோச்சுன்னா அம்மா போயிடுவாங்க" என்றாள்.

அவள் அம்மா நர்ஸ். பண்டிகைக்கு மறுநாள் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாத வேலையாகப் போகிறாள். பிள்ளையிடம் மூச்சு விடவில்லை, ஆனால் யாரிடமோ போனில் பேசியது இவள் காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் அழைத்துப் போக வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போய், பிள்ளை அழுதால் என்னால் தாங்க முடியாது டீச்சர், அவள் தூங்கும்போது கிளம்பிவிடட்டுமா என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக வகுப்பு வாசலில் நின்று எத்தனையோ அம்மாக்களிடம், பிள்ளை பார்க்காதபோது நழுவிடுங்க என்று சொன்னவள் நான். அன்றைக்கு அது வாய்க்கு வரவில்லை. இப்போதே சொல்லிவிடு என்றேன்.

அந்தச் சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து சொன்னாள். பொத்தான் அப்படி அழுதாள், மூக்கை என் ஸ்வெட்டரில்தான் துடைத்தாள். கொஞ்சம் அடங்கியதும், யார் எனக்குப் பொத்தான் போட்டுவிடுவார்கள் என்று கேட்டாள். அப்பா என்றதும், அவருக்கே தெரியாதே என்றாள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அப்போதுதான் உடைந்துபோனாள். கூடுதல் வளையங்களை மறுநாள் பொத்தானின் கண்முன்னேதான் எடுத்தேன், அவள் தடுக்கவில்லை. இன்னும் முகம் வாடித்தான் வருகிறாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எது நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், கேட்க வேண்டியதை அம்மாவிடமே கேட்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடம் சொன்னதே நான்தான், கண்ணு. ஆசிரியர் பயிற்சிக்கு நான் கிளம்பிய விடியற்காலையில் நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய், காரியம் சுலபமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்த பிறகு ஒரு வருஷம் நீ எனக்கு முன்னால் தூங்கியதே இல்லை. கண் சொருகும், தலையை உலுக்கிக்கொண்டு எழுந்து உட்காருவாய். "நீ முதல்ல தூங்கும்மா" என்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு நடிக்க வேண்டும், நீ என் இமையைத் தொட்டுப் பார்ப்பாய். என் மகள் குறும்பைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அது குறும்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். என்னை மன்னித்துவிடு.

நீ நன்றாகப் படித்து, நல்லபடியாகத் திரும்பி வா, என் ஆசி முழுக்க உனக்கு உண்டு. குட்டிக்கு என் முத்தம். காதை மூடாமல் அவனை வெளியே அனுப்பாதே. போகும் அன்றைக்கு அவனை எழுப்பு, அழட்டும், வாசல் வரை வரட்டும், நீ போவதை அவன் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் அம்மா