பனியில் தூக்கி நடந்த காட்சி

1951 மார்ச் 6, செவ்வாய்

இன்றும் செத்தேன். பத்து மணிக்கு ஒருமுறை. அது கேமராவில் சரியாக விழவில்லையாம், பதினொன்றுக்கு இன்னொருமுறை. இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த உடைந்த மூக்கு இருக்கிறவரை எந்தக் கதாநாயகனாவது என்னைச் சுட்டுக்கொண்டேதான் இருப்பான்.

மாலையில் டைரக்டர் கெட்டரிங் கூப்பிட்டார். "ஆர்லோ, அடுத்த படத்துல நீ சாகல. யாரையும் கொல்லவும் இல்ல. ஒரு குழந்தைக்கு அப்பா."

வீட்டுக்கு ஓடி மகள் நெட்டியிடம் சொன்னேன்.

என் படம் எதற்கும் நெட்டியைக் கூட்டிப்போனதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பன் கொலை செய்வதையா பார்க்க வேண்டும்? "இதுக்குப் போலாமாப்பா?" என்று குதித்தாள். சத்தியம் செய்துவிட்டேன். நாளைக்கே வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

ஏப்ரல் 18

படத்தில், காய்ச்சலில் மயங்கிய மகளைத் தூக்கிக்கொண்டு பனியில் டாக்டர் வீட்டுக்கு நடக்கிறேன். பனி என்பது வெள்ளைச் சாயம் பூசிய சோள அவல்தான். ஆனால் அழுகை நிஜம். விளக்குப் பிடிக்கிற கிழவர் மூக்கைச் சிந்தினார். எனக்கும் நடிக்க வருகிறது!

ஜூன் 22

வெளியூர்த் தியேட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் படத்தைப் போட்டு, ஜனங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். நான் குழந்தையோடு பனியில் வந்ததுமே பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "டேய், குழந்தைய விட்ருடா!" தியேட்டரே சிரித்தது. நான் அழுதபோது இன்னும் சிரித்தது. வெளியே கருத்து எழுதும் அட்டை ஒன்றில்: "அந்தத் தடியன் எப்பத்தான் துப்பாக்கிய எடுப்பான்?"

ஜூன் 25

கெட்டரிங் என் கண்ணைப் பார்க்கவில்லை. "உன் மேல தப்பில்லப்பா. உன் மூஞ்சிய ஜனங்க நம்ப மாட்டேங்கறாங்க."

இனி நான் அப்பா இல்லை. பிள்ளை பிடிக்கிறவன். பனியில் நடப்பது அப்படியே இருக்குமாம், கடத்திக்கொண்டு போவதாக. அழுகையை மட்டும் வெட்டிவிட்டு, குழந்தையை அறைந்து வாயைப் பொத்துவதை அரை நாளில் எடுத்துவிடலாமாம்.

"மாட்டேன்னா?"

"உன்ன மாதிரி முதுகு இந்த ஊர்ல நூறு கிடைக்கும், ஆர்லோ. பின்னாலருந்து எடுத்துக்குவோம்."

என்ன செய்ய? யார்கிட்ட போய் அழ? அந்த நடை ஏற்கெனவே அவர்கள் பிலிம் டப்பாவில் இருக்கிறது.

ஜூன் 28

அறைகிற காட்சி ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள். நாசமாய்ப் போக.

செப்டம்பர் 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை படம் வந்துவிட்டது. நெட்டியிடம் தள்ளிப்போய்விட்டதாகச் சொல்லியிருந்தேன். கோழை! நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவிட்டாளாம். என் மனைவி வெல்டாதான் சொன்னாள். "நீங்களே முன்னாடி சொல்லியிருக்கலாம்," என்றாள்.

காலைச் சாப்பாட்டுக்கு நெட்டி எதிரே உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்க்கரைக் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினேன். தலையைக் குனிந்து, நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள்.

உடனே அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "தெரியும்ப்பா, சும்மா நடிப்புதானே," என்றாள்.

கிண்ணத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.